ஷம்ஷாத் லியன்

பஷீரா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் சந்துக்குள் நுழைந்தார்கள். ஒருத்தி தெய்வநாயகி. திருச்செங்கோட்டுக்காரிதான், சேலத்தில் இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளுக்காக நடக்கும் முகாமில் நர்ஸ். கூட வந்தவளுக்கு இருபது வயதிருக்கும். தோளில் கனத்த கறுப்புப் பை. வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது.

"ஏனுங்கம்மா, பாய் ஊட்டுல இருக்காருங்களா?" என்றாள் தெய்வநாயகி. "இந்தப் புள்ள அமெரிக்காவுல இருந்து வந்திருக்குதுங்க. பொறந்தது வியட்நாமுல. அமெரிக்காவுல இருக்கிற அவங்க சனமெல்லாம் சேந்து நடத்துன அழகிப் போட்டியில ஜெயிச்சு கிரீடம் வாங்குச்சாம். ஜெயிச்சவங்க ஒரு வருசம் ஊருக்கு உழைக்கோணுமாம். எங்கெங்கயோ போறதுக்கு எடமிருந்தும் சேலந்தான் வேணும்னு கேட்டு வந்திருக்குது. சினிமாப் படிப்பு வேற. பையில கேமரா வச்சிருக்குதுங்க."

பஷீரா அந்தப் பெண்ணின் நெற்றியையே பார்த்தாள். மேலேறிய, அகன்ற நெற்றி. நடுவில் ஒரு சுழி, அவள் புருஷனுக்கு இருப்பதுபோலவே. முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

கல்யாணமான மறுவருஷமே கலீலுல்லா துணி வியாபாரத்துக்குச் சைகோன் போய்விட்டார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வந்த சூட்டோடு போய்விடுவார். எழுபத்தைந்தில் அந்த ஊர் வீழ்ந்தபோது கடைசியாகக் கிளம்பிய விமானங்களில் ஒன்றில் ஏறி, உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து தம்பியின் லுங்கிக் கடையில்தான் இருக்கிறார். பஷீராவுக்குப் பிள்ளையில்லை. அவள் போகாத தர்கா இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. மலடியென்று மாமியார் முகத்துக்கு நேராகவே சொல்வாள். ஊரோடு வந்துவிட்ட மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமென்று மாமியார் ஆரம்பித்தபோது, "வேண்டாம், எனக்கு இவ போதும்" என்று சொல்லிவிட்டார் அவர். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷத்தையும் பஷீரா ஓட்டினாள்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த கலீலுல்லா உள்ளே பாயில் சாய்ந்திருந்தார். அந்தப் பெண் அவருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னாள். ஏறியும் இறங்கியும் பாட்டுப்போல வந்தது அந்தப் பேச்சு. பஷீரா அதைக் கேட்டிருக்கிறாள். காய்ச்சல் கண்டால் அவர் உளறுவது அந்தப் பாஷையில்தான். ஆத்திரம் வந்தால் தறிக்காரர்களைத் தாழ்ந்த குரலில் வைவதும் அதில்தான்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன சொல்லுது இந்தப் புள்ள? எனக்கொண்ணும் வெளங்கலையே."

பெண் நிறுத்தினாள். பிறகு இங்கிலீஷில் தெய்வநாயகியிடம் சொல்ல, அவள் தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "அவங்கம்மாவும் தம்பியும் இல்லையாமுங்க. படகுல தப்பிச்சு வாரப்ப கடல்லயே போயிட்டாங்களாம். இது மட்டும் பொழச்சு, அமெரிக்காவுல யாரோ எடுத்து வளத்தாங்களாம். உங்க பேரும் ஊரும் அவங்கம்மா சொல்லிக் குடுத்ததாமுங்க. போனவங்களப் பத்தித்தான் படம் எடுக்குதாம். நீங்க வேற ஒண்ணும் பண்ண வேண்டாமாம். கேமராவப் பாத்து அந்தத் தம்பி பேரையும் அம்மா பேரையும் ஒருவாட்டி சொன்னாப் போதுமாம்."

கலீலுல்லாவின் கை பாய்க் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்தது. கடைத்தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பாவம். எடம் மாறி வந்திருச்சு போல," என்றார். "எனக்குப் புள்ளைகளே இல்லீங்க. ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

தெய்வநாயகி அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கேமராவைப் பாதி வெளியில் எடுத்திருந்த பெண் அதை மறுபடி பைக்குள் வைத்தாள். பைக்கு வாரை மாட்ட அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

வாசல்வரை கூடப் போனாள் பஷீரா. ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போகச் சொல்ல நினைத்தாள். "பேரென்ன?" என்று மட்டும் கேட்டாள்.

அதைப் பெண்ணே புரிந்துகொண்டாள். "ஷம்ஷாத் லியன்" என்றாள்.

கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பஷீராதான் அவரிடம் சொன்னாள், பெண் பிறந்தால் ஷம்ஷாத் என்று வைக்க வேண்டுமென்று. ஒவ்வொரு மாதமும் குளித்து முழுகியபோதெல்லாம் அந்தப் பெயரை மனசுக்குள் மடித்து மடித்து வைத்தாள். அங்கே வேறொருத்தி அதைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறூட்டியிருக்கிறாள். எனக்கு இவள் போதும் என்று அவர் சொன்னதும் இப்போதுதான் விளங்கியது. அவருக்கு எல்லாம் அங்கேயே நடந்து முடிந்திருந்தது.

பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். பஷீரா அவளைத் தொடவில்லை. சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்தபோது கலீலுல்லா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார், பொத்தான் மாற்றி.

"பையன் பேரென்னங்க?" என்றாள்.

அவர் கடைக்குப் போய்விட்டார்.

அதன்பின் அவர்களுக்குள் பேச்சு சோறு, தண்ணீர் என்ற அளவில் நின்றது. அவர் உண்பதும் குறைந்தது. ஒருநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், பஷீரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியவில்லை. சோறாக்கி வைத்திருக்கிறேன், வந்து சாப்பிடு என்று சொல்லலாம். ஷம்ஷாத் என்று ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிடலாம். பஸ்ஸில் உதட்டை அசைத்துப் பார்த்தாள்.

முகாமில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகி கட்டில்களை எண்ணெய்த்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது அன்னைக்கே போகோணும்னு நின்னுச்சுங்க. நாங்கதான் புடிச்சு நிறுத்தி வச்சோம். நேத்து மெட்ராஸ் போயிருச்சு. படம் எடுக்கலையாமுங்க. கேமராவ எங்க டாக்டர்கிட்டயே குடுத்துட்டுது."

"மறுக்கா வருமா?"

"எதுக்குங்கம்மா வாரது?"

பஷீரா பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். திருச்செங்கோட்டு பஸ் வந்து நின்றது. நிரம்பியது.

"ஏறலீங்களாம்மா?" என்றார் கண்டக்டர்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் பின்னுக்கு வந்து வளைந்து வெளியேறியது. அது கிளப்பிய புழுதி வெயிலில் கொஞ்சநேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கி அவளுடைய வெள்ளைத் துப்பட்டியெங்கும் படிந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.