முன் பிரேக்கைப் பிடிச்சிருப்பா

2024 நவம்பர் 18ஆம் திகதி திங்கட்கிழமை காலை, வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குப் போகும் வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் சறுக்கி விழுந்தது. அதை ஓட்டிச் சென்ற குடும்பநல மருத்துவமாது வதனிக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அவளுடைய கணவன் ஜெயரூபன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கட்டிலைச் சுற்றி மாமாவும் மாமியும் அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் நின்றார்கள். வதனி கண்ணை மூடிக் கிடந்தாள். மாமி கண்ணகை அவனைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்பிடி மருமகன் விழுந்திருப்பா? மாடு குறுக்க வந்ததாம். மாடு வராத ரோட்டு எங்க இரிக்கு?"

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். கலியாணத்துக்கு முன்பிருந்தே டயர்க் கடையில் நிற்கிறவன். மோட்டார்சைக்கிள் விஷயத்தில் அவன் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

"முன் பிரேக்கைப் பிடிச்சிருப்பா மாமி. பழகின புதுசில எல்லாரும் விடுற பிழைதான். மழை ரோட்டில அதை இறுக்கிப் பிடிச்சா ஆள வீசிப்போடும்."

வதனி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி மூடிக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மாமா அழகரத்தினம். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த மோட்டச்சைக்கிள்?"

யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. கேள்வி வந்தது, வாய் பதிலைக் கொடுத்துவிட்டது. ஆனால் கீழே இறங்கி, மரத்தடியில் யாரோ கொண்டுவந்து நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிளைக் கண்டதும் அவனுக்கு முந்தின நாள் செய்தது ஞாபகம் வந்தது. குனிந்து பின் டயரைப் பெருவிரலால் அமுக்கினான். விரலோடு டயரும் உள்ளே போனது.

முந்தின நாள் ஞாயிறு, மாமாவின் வயலில் மழைத் தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தான். தார் வீதி முடிந்து வயல் வட்டைக்குள் இறங்கும் இடத்தில், எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். ஒரு குச்சியால் வால்வை அழுத்திப் பின் சில்லின் காற்றில் பாதியைத் திறந்துவிட்டான். காற்று இறங்கிய டயர் பரந்து உட்காரும், சேற்றில் புதையாது. திரும்பித் தார் வீதியில் ஏறியதும் காற்றடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்கிற ஆட்கள் இருக்கையோடு கைப்பம்பைக் கட்டி வைத்திருப்பார்கள். கடையில் காற்றடிக்கும் மெசினே இருக்கிறவனுக்குப் பம்பு எதற்கு என்று அவன் வாங்கவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டான். காலையில் அவன் எழும்புவதற்குள் வதனி வேலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். கிழமை நாட்களில் மோட்டார்சைக்கிள் அவளுக்கு, பின்னேரமும் ஞாயிறும் அவனுக்கு.

காற்றுக் குறைவு மட்டும் என்றாலும் பரவாயில்லை. டயரின் நடுப்பகுதி மொட்டையாகத் தேய்ந்து, பள்ளங்களாக வெட்டிய பூ இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. அதிலும் ஓரிடம் உளியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது. அது அவனுடைய வலது காலின் வேலை. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து மெல்ல நிறுத்துவது அவனுக்கு வராது. வேகமாக வந்து, வாசலுக்குக் கிட்ட வைத்துப் பின் பிரேக்கை ஒரே மிதி. சில்லு சுற்றாமல் கிறவல் மண்ணில் இழுபட்டுக் கோடு போடும். இளந்தாரி வயதில் பிடித்த பழக்கம், கோடு போடாவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரியே இராது.

"மிதிச்சு மிதிச்சு நிப்பாட்டாதீங்க, பின் டயர் பாதி நாள்ல போயிரும்" என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறவனும் அவன்தான். டயர்ப் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகளைக் காட்டி, "இந்த மேடும் டயரும் ஒரு மட்டத்துக்கு வந்தா அண்டைக்கே மாத்துங்க. நாளைக்கு எண்டு விடாதீங்க" என்பான். அவனுடைய டயரில் அந்த மட்டம் ஆடி மாத மாமாங்கத் தீர்த்தத்துக்கு முன்பே வந்துவிட்டது. தீபாவளி முடியட்டும் என்று விட்டான். தீபாவளிக்குப் பிறகு, மழை முடியட்டும் என்று விட்டான். மழைக்குத்தான் நல்ல டயர் வேண்டும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லியே பழகியிருந்தான்.

அன்று பின்னேரம் மோட்டார்சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனான். கூட வேலை செய்யும் முனாஸ் பழைய டயரைக் கழற்றி, அந்தத் தட்டையான இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"அல்லாஹ் காப்பாத்தினான் மச்சான். தங்கச்சி பிரேக்குக்கு மேல ஏறி நிண்டுதான் ஓடியிருக்கா போல! பொம்புளயள்ட டயரப் பார்த்தா நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவன்."

"ம்" என்றான் ஜெயரூபன்.

"டயர்க் கடைக்காரன்ட பொண்டாட்டிக்கு மொட்டை டயர். உனக்கு வெக்கமில்லையா டா?"

முனாஸ் பகிடிக்குத்தான் சொன்னான். ஜெயரூபன் சிரிக்கவும் செய்தான். பழைய டயர் கடைக்குப் பின்னால் குவியலோடு போய்ச் சேர்ந்தது.

வதனி கையைத் துணியால் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கலியாணம் கட்டி அவன் வந்து சேர்ந்த வீடு அது, அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அங்கே மாமி அவனுக்குச் சோறு போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போடுவார். அந்த முகங்களுக்கு முன்னால், 'முதல் சொன்னது பொய்' என்று தொடங்க அவனுக்கு நாக்கு எழவில்லை. நோ குறையட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தான். நோ குறைந்ததும், கட்டு அவிழ்க்கட்டும் என்று நினைத்தான். டயருக்குச் சொன்ன அதே தவணைகள்தான் என்று அவனுக்கே தெரிந்தது.

மாமியோ நகரத்துக்கு மாறச் சொல்லி ஒரே பிடியாக நின்றார். "ரவுணுக்குள்ள கிளினிக்குக்கு மாத்தம் கேளு புள்ள. பஸ்ஸில போய் பஸ்ஸில வா. உனக்கு ஓடச் சரிவராது."

 படுவான்கரையில் வதனியின் பிரிவு ஒதுங்கிய வீடுகளால் ஆனது. பஸ் போகாத ஒழுங்கைகள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மோட்டார்சைக்கிள் சத்தத்தை வைத்தே 'மிஸ் வாறா' என்று வாசலுக்கு வருவார்கள். அதைச் சொல்லிச் சிரித்த முகம் இப்போது இல்லை. ஒருநாள் சாவியைக் கையில் எடுத்து, மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ஜெயரூபன் அதைக் கண்டான். அப்போதும் சொல்லவில்லை.

கட்டு அவிழ்த்து இரண்டு நாள் கழிந்து, அவள் விறாந்தையில் நின்று தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"இல்ல மேடம், எனக்கு இனி ஓட ஏலா. என்ட பிழைதான். முன் பிரேக்கைப் பிடிச்சிட்டன்... ஓம் மேடம். ரவுணுக்குள்ள எங்க எண்டாலும் பரவால்ல."

அவள் வாயிலிருந்து வந்தது அவனுடைய வசனம். அவள் தொலைபேசியை வைக்கும் வரை நின்றான்.

"வதனி, நீ முன் பிரேக்கைப் பிடிக்கல்ல."

"என்ன?"

சொன்னான். வட்டையில் காற்றைத் திறந்துவிட்டதை, அடிக்காமல் வந்ததை, டயர் மொட்டையாகிப் பல மாதம் என்பதை, தட்டையான இடம் யாருடைய மிதி என்பதை. அவள் கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"வெளிக்கிடக்குள்ளயே பின்னுக்கு ஆடின. டயர்க் கடைக்காரன்ட மோட்டச்சைக்கிள், பார்க்காமலா விட்டிருப்பார் எண்டு போயிட்டன்."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"எனக்குக் காலால மிதிச்சதுதான் ஞாபகம். கையால பிடிச்ச ஞாபகமே இல்ல. நீங்க சொன்னதும், பிடிச்சிருப்பன் எண்டு நினைச்சன். நினைச்சு நினைச்சு, மறுகா பிடிச்ச மாதிரியே ஞாபகம் வந்திட்டு. கனவிலயும் பிடிக்கிறன்." அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "அம்மாக்கும் அப்பாக்கும் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில சொன்னீங்கதானே, அதே மாதிரிச் சொல்லுங்க."

மத்தியானம் சாப்பாட்டில் வைத்துச் சொன்னான். சோற்றில் கை வைக்காமலே சொல்லி முடித்தான். மாமா தண்ணீரைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.  மாமி அகப்பையால் மீன் துண்டொன்றை எடுத்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"அதுக்கென்ன மருமகன், ஆருக்கும் வாற மறதிதான். நீங்க சாப்பிடுங்க."

"என்னம்மா இது?" என்றாள் வதனி. "என்ட பிழை எண்டா இனிச் சைக்கிளத் தொடாத. அவர்ட பிழை எண்டா சாப்பிடுங்க?"

"ஆர்ர பிழையா இருந்தா என்ன புள்ள" என்றார் மாமா, "விழுந்தது நீதானே."

வதனி கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து குசினிக்குப் போனாள். ஜெயரூபன் மீனைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் வதனி அலுவலகத்துக்கு நேரில் போய், தனக்கு மாற்றம் வேண்டாம், பழைய பிரிவிலேயே விடுங்கள் என்று கேட்டாள். தொலைபேசியில் அவள் சொன்னதை வைத்து அன்றைக்கே அவளுடைய இடத்துக்கு நஸீறா என்பவரை நியமித்து மேலிடத்துக்கு அறிவித்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்று மேலதிகாரி சொன்னார்.

ஜனவரியில் நஸீறா படுவான்கரைப் பிரிவைப் பொறுப்பெடுத்தார். வதனி நகரக் கிளினிக்கில் வேலை செய்கிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள்.