யார் கொடுத்த பெட்டி

ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் மிளகா. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அப்படிப்பட்டவள்தான் கோர்ட்டு வராந்தா பெஞ்சில், திருட்டுக் கேசில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருடியதாகச் சொன்ன பொருள் ஒரு சிவப்புச் சக்கரப் பெட்டி. அந்த ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. தங்கிப் போகிறவர்கள் மறந்துவிட்ட சாமான்கள் பின்கட்டு அலமாரியில் ஆறு மாதம் கிடக்கும். யாரும் கேட்டு வராவிட்டால், சூப்பர்வைசர் அக்கா முறை வைத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள். ஒருத்திக்குக் குடை, ஒருத்திக்குச் செருப்பு. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை; எல்லாம் வாய்வார்த்தைதான். மகள் நர்ஸ் படிப்புக்கு விடுதியில் சேரவிருந்த வாரம் மிளகாவின் முறை வந்தது. பெட்டியும் வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டிக்காரர் வந்து நின்றார். புது மேனேஜருக்கு அந்த வழக்கமே தெரியாது. வந்தவர் முன்னால் அசடு வழிய மனமில்லாமல் போலீசைக் கூப்பிட்டார். போலீஸ் கேட்டதும் அக்கா, "நான் யாருக்கும் எதையும் கொடுக்கலை" என்று சொல்லிவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அவள் அரண்டதற்குப் பேய் பிடித்தது என்னவோ மிளகாவைத்தான்.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாள். "வேலை பாக்கிற இடத்துலயே எடுத்தா, சாதாரணத் திருட்டை விடத் தண்டனை கூடுதல். வருஷக்கணக்கில உள்ள போடலாம். குத்தத்தை ஒத்துக்கிட்டா, முதல் தடவைங்கறதால அபராதத்தோட விடச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்."

"ஒத்துக்கிட்டு வந்துருடி," என்றான் கூட வந்திருந்த அண்ணன். "அபராதத்தை நான் கட்டுறேன். தலைவலி விட்டுதுன்னு போயிடலாம்."

"நீ கட்டிருவ. அப்புறம் எந்த ஹோட்டல்காரன் என்னை வாசப்படி ஏற விடுவான்? எம்பொண்ணு முகத்தை எப்படிப் பாப்பேன்? திருடாததைத் திருடினேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. ஜெயில்னா ஜெயில்!"

வக்கீலம்மா பேனாவைத் திறந்தாள். "அப்ப சண்டை போடுவோம். ஒரு பொருளை எடுத்தாலே திருட்டு இல்ல. சம்மதம் இல்லாம, ஏமாத்துற எண்ணத்தோட எடுக்கணும். நமக்குத்தான் கொடுத்தாங்கன்னு நெஜமாவே நம்பி எடுத்தா, அது திருட்டுல சேராது. நீங்க நம்புனதை எப்படிக் காட்டறது?"

"ஒரு சக்கரம் ஒடஞ்ச பெட்டிம்மா அது. பட்டப்பகல்ல, தெருவே திரும்பிப் பாக்க, கடகடன்னு இழுத்துட்டுப் போனேன். வாட்ச்மேன் அண்ணன்தான் படியில தூக்கி விட்டாரு. திருடறவ மேளம் அடிச்சுக்கிட்டா போவா?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டே, "அந்த அக்காவும் அலமாரியில இருந்து எதாவது எடுத்திருக்காங்களா? அவங்களையும் திருடின்னு காட்டிட்டா, அவங்க சாட்சி நிக்காது" என்றாள்.

அக்கா எடுத்தது என்னவென்று மிளகாவுக்குத் தெரியும். தெரிந்தும், "அவங்களைத் திருடியாக்கித்தான் நான் நல்லவளா வெளிய வரணும்னா, அது வேண்டாம்மா" என்றாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

சில மாதம் கழித்து நடந்த விசாரணையில் வாட்ச்மேன் கூண்டில் ஏறி, பெட்டியைத் தூக்கி விட்டது தான்தான் என்று தைரியமாகச் சொன்னார். யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அடுத்து அக்கா ஏறினாள். மேனேஜரை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை. மிளகா பக்கம் மட்டும் கண் திரும்பவில்லை.

"இந்தப் பெட்டியை இவங்களுக்குக் கொடுத்தது நீங்கதானே?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"நான் கொடுக்கலை."

மிளகா எழுந்துவிட்டாள். "என்னைப் பாத்துச் சொல்லுங்க அக்கா! பத்து வருஷம் உங்க கையால வாங்கியிருக்கோம். உங்களை யாராவது திருடின்னு சொல்லியிருந்தா, அவன் வாயைக் கிழிச்சிருப்பேன் நான். என்னைச் சொல்றாங்க, நீங்க தரையைப் பாத்துட்டு நிக்கிறீங்க!"

"உக்காருங்கம்மா. இனி ஒரு வார்த்தை பேசினா வெளிய அனுப்பிடுவேன்," என்று நீதிபதி அதட்டினார்.

"உக்காந்துடறேன் ஐயா. ஆனா அவங்களும் திருடி இல்ல, நானும் திருடி இல்ல. அதை எழுதிக்கங்க."

அக்கா மெதுவாக மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கூண்டுக் கட்டைமேல் வைத்தாள்.

"நான்தான் ஐயா கொடுத்தேன். இதுவும் அதே அலமாரியில கிடந்ததுதான். பழைய மேனேஜர் என் கையிலயே கொடுத்தாரு. வேலை போயிருமேன்னு பொய் சொல்லிட்டேன்."

மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்தது. திருட்டு எண்ணம் இல்லை, மிளகாவுக்கு விடுதலை. அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே அழுதான்.

வெளியே மேனேஜர் அக்காவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம், கடிகாரத்துக்கும் புகார் போடுவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாசம் என்னைத் திருடியா நடமாட விட்டீங்க. உங்க மேல கோபம் ஆறாது எனக்கு," என்றாள் மிளகா. சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து, வந்த படியிலேயே மேலே இழுத்தாள்.

"எங்கடி இழுக்கற?"

"வக்கீலம்மா இன்னும் கிளம்பலை. வாங்க, உங்க கேசையும் சொல்லுவோம்."