பதினாறு நாள் இரும்பு

நைலான் கயிறு அறுபடவில்லை. சவர பிளேடை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பக்கிரிசாமியின் இடுப்பில் கிடந்த அரைஞாணை நடராசன் சித்தப்பா நாலு தரம் அறுத்துப் பார்த்துவிட்டார். பிளேடு வளைந்ததுதான் மிச்சம். குளிப்பாட்டிய தண்ணீர் வடிய வழியில்லாமல் வாசலில் எல்லோர் காலையும் சுற்றி நின்றது.

"என்ன கயிறுப்பா இது, மாடு கட்டுற கயிறாட்டம்" என்றார்.

கட்டியவள் ஈஸ்வரி. வாதம் வந்து அப்பா நாலு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். பருத்திக் கயிறு ஈரத்தில் ஊறி நாற்றமெடுக்கிறதென்று உரக்கடையில் கேட்டு நைலான் வாங்கி வந்து கட்டினாள். இதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்வது? வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ எப்பவும் இடுப்புல ஒரு கத்தி சொருவியிருப்பியே, அத எடு."

அரவிந்தன் ஈர வேட்டியோடு நின்றான். வந்து இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஏறும் பெரிய கப்பல் ஒன்றில் அவனுக்குக் குழாய் பிட்டர் வேலை.

"ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்க சித்தப்பா. அவசரத்துல கைப்பையில போட்டுட்டேன். நகவெட்டி, லைட்டரோட சேத்துக் குப்பை டப்பாவுல போட்டுட்டான்."

ஈஸ்வரி உள்ளே போனாள். அப்பாவின் கட்டிலைக் காலையிலேயே கொல்லையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தலையணையோடு இருந்த சாமான்கள் ஒரு முறத்தில் கிடந்தன. கண்ணாடி, தைல பாட்டில், பாதி மாத்திரை அட்டை. அடியில் இருந்த மடக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரித்தால் குறடு, மடக்கினால் கத்தி, பக்கவாட்டில் ஸ்குரூ டிரைவர், ஒரு சின்னக் கத்தரிக்கோல். ஆறு வருஷத்துக்கு முன்னால் அரவிந்தன் அப்பாவுக்கு வாங்கி அனுப்பியது. கடைசி நாலு வருஷம் அது ஈஸ்வரியின் கையில்தான் இருந்தது. மாத்திரையைப் பாதியாக நறுக்குவதும், மூத்திரப் பையின் குழாயை வெட்டுவதும், அப்பாவின் கால் நகத்தை எடுப்பதும் எல்லாம் அதை வைத்துத்தான்.

"இது இன்னும் இருக்கா?" என்றான் அரவிந்தன்.

"இருக்கு."

ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. அப்பாவின் இடுப்பைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்ததும்தான் ஈஸ்வரிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. கோடித்துணி எங்கே, வாய்க்கரிசி எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

பாடை தெருமுனை வரை போனது. அங்கே பெண்கள் நின்றுவிட வேண்டும். கமலாம்பாள் அத்தை, அப்பாவின் அக்கா, கையை நீட்டித் தடுப்பதற்கு முன்பே ஈஸ்வரி நின்றுவிட்டாள். அப்பா கண்ணை மூடிய அன்று சாயங்காலம் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். தம்பி வந்து சேர மறுநாள் ஆகும், ஐஸ் பெட்டியில் அப்பாவைப் போட்டு வைக்க மனசில்லை, கொள்ளியை நானே வைக்கிறேனே என்று. அத்தை எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "ஆம்பளப் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஒனக்கு என்னடி வந்துச்சு? பீ மூத்திரம் அள்ளுனா கொள்ளி வச்சிரலாமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள். நாலு வருஷம் அள்ளியபோது ஒரு நாளும் அது ஈஸ்வரிக்கு நாறியதில்லை. அத்தை சொன்ன பிறகுதான் நாறியது.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். தலையும் மீசையும் மழித்துக்கொண்டு வந்த அரவிந்தன் யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். அத்தை அந்த மடக்குக் கத்தியைக் கழுவி வைத்திருந்தாள். அவன் கால் கழுவியதும் அதை அவன் கையில் வைத்து அழுத்தினாள்.

"கொள்ளி வச்சவன் கையில இரும்பு இருக்கணும். பதினாறாம் நாள் கருமாதி முடியிற வரைக்கும் ஒடம்ப விட்டுப் போவக்கூடாது. தூங்குறப்பவும் இடுப்புல இருக்கணும். தரையில வைக்காத. அடுத்தவங்க கையிலயும் குடுக்காத."

"குடுத்தா?"

"குடுத்தா வாங்குன கைதான் காரியம் செய்யணும். நம்ம வழக்கம் அது. ஒங்க தாத்தா செத்தப்ப பெரியப்பாவுக்கு அம்ம போட்டிருச்சு. இரும்ப ஒங்கப்பன் கைக்கு மாத்திவிட்டுத்தான் கருமாதி நடந்துச்சு."

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் காரியம் செய்கிறவனுக்குத் தனி இலை போட்டு, உப்பில்லாத ஒருவேளைச் சோறு. அரவிந்தன் உட்கார்ந்து சாப்பிட்டான். அத்தை பரிமாறினாள். சமைத்தவள் ஈஸ்வரி.

மறுநாள் காடாத்து முடிந்து வெண்ணாற்றில் எலும்பைக் கரைத்துவிட்டு வந்த கையோடு அரவிந்தன் விஷயத்தைச் சொன்னான். மொத்தமே அஞ்சு நாள்தான் லீவு. சனிக்கிழமை கப்பல் பார்சிலோனாவிலிருந்து கிளம்புகிறது. அதைப் பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் போச்சு, அடுத்த ஒப்பந்தம் எப்போது வருமென்று சொல்ல முடியாது.

"அப்ப கருமாதி?" என்றாள் அத்தை.

அரவிந்தன் நடராசன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா முற்றத்துத் தூணைப் பார்த்தார். "எம்பையன் செய்வான், அதுக்கென்ன. ஆனா மருமவ முழுகாம இருக்கு. புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வச்சிக்கிட்டு அவன் இதத் தொடக்கூடாதுல்ல" என்றார். நியாயமான காரணம்தான். காரணம் இல்லாமல் போயிருந்தாலும் சித்தப்பா ஒன்றைத் தேடிப் பிடித்திருப்பார்.

ஈஸ்வரி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அத்தை தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தாள்.

"இரும்பு இடுப்புலயே இருக்கட்டும். கொண்டுக்கிட்டுப் போ. கப்பலும் தண்ணியிலதான மெதக்குது? பதினாறாம் நாள் அங்கயே தல முழுவி எள்ளுந் தண்ணியும் எறைச்சிரு. காவேரியும் கடல்லதான் போய்ச் சேருது."

அரவிந்தன் ஈஸ்வரியைப் பார்த்தான். ஈஸ்வரி அவனைப் பார்த்தாள். கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறவும் முடியாது, கப்பலில் ஏறவும் முடியாது. இது அக்கா தம்பி இரண்டு பேருக்கும் தெரியும். அத்தையிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு பேர் உடம்பிலும் தெம்பு இல்லை.

"சரிங்கத்த" என்றான் அரவிந்தன்.

வெள்ளிக்கிழமை காலை பூதலூரில் பாசஞ்சர் ஏறினார்கள். "அவன் இரும்போட உள்ள போறத ஒங்கண்ணால பாத்துட்டு வா" என்று அத்தை ஈஸ்வரியையும் கூட அனுப்பியிருந்தாள். குறுவை அறுப்பு நேரம். ஜன்னலுக்கு வெளியே எந்திரங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. அரவிந்தன் பேண்ட்டுக்குள் இருந்த கத்தியை வெளியிலிருந்தே ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கொச்சி ஞாபகம் இருக்கா?" என்றான்.

இல்லாமல் இருக்குமா? கத்தி வந்து சேர்ந்த வருஷம் அவன் கப்பல் கொச்சிக்கு வந்தது. வேலையாட்களின் வீட்டு மனிதர்கள் ஏறிப் பார்க்கலாமென்று சீட்டு வாங்கி வைத்திருந்தான். ஈஸ்வரி அப்பாவை ரயிலில் கூட்டிப் போனாள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஈஸ்வரியின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஆக, அப்பாவும் மகளும் மட்டும். மகன் அனுப்பிய கத்தியை மகன் கப்பலிலேயே கொண்டுபோய்க் காட்ட வேண்டுமென்று அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்ற காவலன் அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறேன், இறங்கும்போது தருகிறேன் என்றான். அவ்வளவுதான், அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம்மவன் குடுத்தத இவங்கிட்ட குடுத்துட்டு நான் உள்ள போவணுமா? நான் என்ன ஜெயிலுக்கா போறேன்?" என்று திரும்பி வந்து வேலியோரத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம். நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா அக்கா என்று அரவிந்தன் கெஞ்சினான். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஈஸ்வரியும் மரத்தடியிலேயே இருந்துவிட்டாள். பத்து மாடி உயரத்துக்கு வெள்ளையாக நின்ற கப்பலை அப்பாவும் மகளும் கடலை தின்றுகொண்டே வெளியிலிருந்து பார்த்தார்கள்.

"நீயும் பாக்காமயே போயிட்ட" என்றான் அரவிந்தன்.

"ம்."

"எனக்கு அன்னிக்கு ஒம்மேலதான் கோவம் வந்துச்சு. அப்பா மேல வரல."

ஈஸ்வரி சிரித்தாள். அப்பா போன பிறகு அதுதான் முதல் தரம். "எம்மேலதானே எல்லாருக்கும் வரும்" என்றாள்.

திருச்சியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து விமான நிலையம் போனார்கள். அரபு நாட்டுக்கு ஆள் ஏற்ற வந்த வேன்கள் வரிசையாக நின்றன. கம்பித் தடுப்பை ஒட்டி ஒரு அம்மாள் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே அழுதாள். வாசலில் நின்ற காவலர் பாஸ்போர்ட்டில் இருந்த மீசைக்காரனையும் எதிரே நின்ற மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா தவறிட்டாங்க சார்."

அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டார். அரவிந்தன் கண்ணாடிக் கதவுக்குள் போய், ஒரு தரம் திரும்பிப் பார்த்து, மறைந்தான். உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஈஸ்வரி கிளம்பியிருக்கலாம். கால் வலித்தது. தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றாள். அவன் கத்தியை அந்தக் குப்பை டப்பாவில் போடப் போகிறான் என்று நினைத்தாள். அப்பாவின் நகம், அப்பாவின் மாத்திரை, அப்பாவின் அரைஞாண், எல்லாம் யார் யாருடைய நகவெட்டியோடோ கிடக்கப் போகிறது. வீட்டுக்குப் போய், அவன் கொண்டுபோய்விட்டான் என்று அத்தையிடம் சொல்ல வேண்டும். சொல்வாள். பழகியதுதானே.

அரை மணி கழித்து அரவிந்தன் அதே வாசலில் காவலரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தோளில் பை இல்லை. காவலர் தலையாட்டினார். அவன் வேகமாகத் தடுப்புக்கு வந்தான்.

"கௌண்டர்லயே கேட்டுட்டாங்கக்கா. கத்தி, பிளேடு ஏதாவது இருக்கான்னு."

"அந்தப் பையில போட்டு ஏத்திவுட வேண்டியதுதானே?"

"அதான் அவங்களும் சொன்னாங்க. அங்க போயி கப்பல்ல ஏறுறப்ப வாங்கிருவாங்க. வேலையாளுங்க கத்தி எல்லாம் ஸ்டோர்ல பூட்டித்தான் வப்பாங்க." மூச்சு வாங்கினான். "எப்புடியும் எவன் கையிலயாவது குடுக்கத்தான் போறேன்."

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். ஈஸ்வரி அதைப் பார்த்தாள்.

"அத்தை சொன்னது நெனப்பிருக்கா?"

"இருக்கு. அதனாலதான்."

கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வருமென்பார்கள், கீழே வைத்துத்தான் எடுப்பார்கள். இதைக் கீழே வைக்கவும் கூடாது. ஈஸ்வரி தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டினாள். அரவிந்தன் அதை அவள் உள்ளங்கையில் வைத்து, அத்தை அழுத்திய மாதிரியே ஒரு தரம் அழுத்தினான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"அன்னிக்கு நீ அத்தைகிட்ட கேட்டியாமே. சித்தப்பா சொன்னாரு" என்றான். "தெரிஞ்சிருந்தா நான் வந்தப்பவே…"

"நேரமாவுது, போடா" என்றாள் ஈஸ்வரி.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

"இரும்பு?"

ஈஸ்வரி முந்தானையை விலக்கினாள். இடுப்பில் புடவைக் கொசுவத்தோடு செருகியிருந்தது.

"உள்ள விடல அத்த. எங்கிட்ட குடுத்தான்."

"கீழ வச்சு எடுத்தியா?"

"இல்ல. கையில குடுத்தான்."

"கையிலயா?"

"கையில."

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று ஈஸ்வரி காத்து நின்றாள். திட்டினால் பதில் சொல்லவும் ரயிலிலேயே நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். பீயும் மூத்திரமும் என்று தொடங்கும் நாலு வார்த்தை. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் விளக்குக்குப் பக்கத்தில், மூன்று நாளும் அரவிந்தன் உட்கார்ந்த இடத்தில், இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"காலக் கழுவிட்டு வந்து ஒக்காரு" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "உப்பு போடல."

கால் கழுவிவிட்டு வந்து ஈஸ்வரி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கத்தி இடுப்பில் குத்தியது. அத்தை குனிந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், போதுமா என்று கேட்டாள். யாராவது பரிமாறி அவள் சாப்பிட்டு எத்தனை காலம் ஆகிறதென்று நினைவில்லை. குத்தினால் குத்தட்டும் என்று கத்தியை நகர்த்தாமல் சோற்றைப் பிசைந்தாள்.