அக்கா கழுத்துல இருந்த மேக்கப்

எங்க பாட்டு வீடியோவுக்குக் கீழே வந்து கருத்து எழுதுறவங்களுக்கு வேற பொழப்பே கிடையாதா? மொட்டை மாடியில ஒருத்தி துணி காயப் போடுறா, எதிர்வீட்டுக்காரன் அவளைப் பார்த்துப் பாடுறான். அவ்வளவுதான் சமாசாரம். எடுத்தது நான், எடிட் பண்ணினது நான். எனக்கே தெரியாத கதை இவங்களுக்கு எங்கிருந்து கிடைக்குதோ! அவ பேயாம். இல்ல, சோப்பு விளம்பரமாம். ஈரத்துணின்னா பெண்ணோட கண்ணீராம், அதுக்கு ஒரு வாத்தியார் தனியா வீடியோ போட்டு விளக்கம் சொல்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுல இவங்களை அடிச்சுக்க ஆளில்ல.

துணி காயப் போட்டது என் சொந்த அக்கா. நடிக்க வேண்டியவ கடைசி நேரத்துல வரலைன்னு கைவிரிச்சுட்டா. சும்மா என்னைப் பார்க்க வந்திருந்த அக்காவைப் பிடிச்சு நிறுத்தினேன். அவ காதுக்குக் கீழே கன்றிப்போன மாதிரி ஒரு அடையாளம். எடிட் பண்றப்பதான் பார்த்தேன். சோகமா தெரியணும்னு மேக்கப் போட்டவங்க ஏதோ வரைஞ்சிருக்காங்க, பிரமாதம்னு நினைச்சு, பளிச்சுனு தெரிய கலர் வேற ஏத்தினேன்.

ஒரு ஷாட்ல அக்கா எதிர்வீட்டைப் பார்க்காம இந்தப் பக்கம் பார்த்துட்டா. திரும்ப எடுக்க நேரமில்ல. கண்ணாடியில தெரியற மாதிரி அந்த ஷாட்டை மட்டும் இடம்வலமா திருப்பிப் போட்டேன். முகத்தோட சேர்ந்து அடையாளமும் அடுத்த பக்கம் போயிடுச்சு. வந்தது வினை! ரெட்டைப் பொண்ணுங்களாம், ஒருத்தி செத்துட்டாளாம், இன்னொருத்தி பழி வாங்குறாளாம். மத்தவங்க, "மேக்கப் போட்டவ தூங்கிட்டா போல"ன்னு சிரிச்சாங்க.

மறுநாளே மேக்கப்பம்மா எடிட்டிங் ரூமுக்கு வந்து குதிச்சாங்க.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? என் தொழிலையே நாறடிச்சுட்டியேம்மா! அந்தக் கழுத்துல நான் எதையும் வரையல. இருந்ததை மறைக்கத்தான் ரெண்டு பூச்சு பூசினேன். வேர்வையில கலைஞ்சு போச்சு."

"இருந்ததா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னா உங்க அக்கா. ஏம்மா, கதவுக்கு விரல் இருக்குமா?"

அந்தக் கன்றலுக்குத்தான் நான் கலர் ஏத்தியிருந்தேன். த்தூ! ஊரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அக்கா கழுத்தைப் பார்த்தியாம்மா?"

"பாட்டு வந்த அன்னைக்கே பார்த்தேன்," அம்மா குரலைத் தாழ்த்தினாங்க. "ஊரு மேக்கப்புன்னு நினைக்குது. நல்லதாப் போச்சுன்னு விடு. குடும்பம்னா நாலும் இருக்கும், நீ கிளறாதே."

பெத்தவ பேசுற பேச்சா இது? போனை வச்சுட்டு டாக்ஸி பிடிச்சு நேரா அக்கா வீட்டுக்குப் போனேன், டாக்ஸியை வாசல்லயே நிக்கச் சொன்னேன்.

உள்ளே மாமா, அதான் அக்கா புருஷன், ஆபீஸ் ஆள் ஒருத்தரை உட்கார வச்சு டிவியில அதே பாட்டைப் போட்டுக் காட்டிட்டிருந்தார்.

"பாருங்க, அந்த மேக்கப்பு! நிஜமா அடி வாங்கின மாதிரியே இல்ல?"

அந்த இளிப்பைப் பார்க்க சகிக்கல. அடுப்படிக்குப் போனேன். அக்கா டம்ளர் கழுவிட்டிருந்தா.

"மேக்கப்பம்மா எல்லாம் சொல்லிட்டாங்கக்கா. கிளம்பு. என் ரூமுக்குப் போலாம்."

டம்ளரைக் கவிழ்த்து வச்சா. "வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டுறான்டி. அவன் கைத்தடத்தை அவனே ரசிக்கிறான். நான் காபி கொடுத்துக்கிட்டு நிக்கணும்."

நேரா உள்ளே போய், கையில கிடைச்ச துணியைப் பையில திணிச்சா. வாசல் கிட்ட வந்ததும் மாமா குறுக்கே வந்து அவ மணிக்கட்டைப் பிடிச்சார். முகமே மாறிப்போச்சு.

"எங்கடி போற?"

அந்த ஆபீஸ் ஆள் பாய்ஞ்சு எழுந்து வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடிச்சார். "அட, அடுத்த பாட்டுக்கு ஷூட்டிங்கா? சொல்லவே இல்லையே சார்!"

மாமா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிடி தளர்ந்துச்சு, பல்லு வெளியே வந்துச்சு.

"ஆமா... ஷூட்டிங்தான்."

"அப்ப பையை நீங்களே தூக்கிட்டுப் போய்க் கொடுங்க சார், உருக்கமா இருக்கும்!"

தூக்கினார்! தெருவுல நாலு பேர் நின்னு பார்க்க, பையை டாக்ஸியில வச்சு, "சோகமா சார், இன்னும் சோகமா"ன்னு அந்த ஆள் கத்தக் கத்த, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னார். பக்கத்து வீட்டம்மா கை தட்டினாங்க. எல்லார் மூஞ்சியிலயும் காறித் துப்பணும் போல இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு அக்கா பக்கத்துல ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா டிரைவர் சீட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

"அண்ணே, சீக்கிரம் எடுங்க,"ன்னா. "அந்த ஆபீஸ் ஆளு போனை இறக்குறதுக்குள்ள போயிடணும்."