கட்டணத் திட்டத்துக்கு ஓர் ஆட்சேபணை

மின் கட்டணத்தை ஏற்றுவதற்கு முன்னால் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்கத்தான் செய்கிறார்கள்; வருவதற்குத்தான் நாதியில்லை. பெரிய மண்டபம், மேடையில் கட்டணத்தை நிர்ணயிக்கிற ஆணையத்தின் தலைவர், பக்கவாட்டில் மின் கம்பெனிக்காரர்கள், எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். முதல் வரிசையில் மட்டும் வருஷம் தவறாமல் ஒரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். ஊழியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஆட்சேபணை அம்மா'. அது அவள் காதுக்கும் போயிருந்தது. உள்ளூர அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முதல் தடவை அவள் வந்தது வயிற்றெரிச்சலில். அப்போது அவளும் கணவரும் லாண்டரி நடத்திக்கொண்டிருந்தார்கள். துவைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின், இஸ்திரி என்று எல்லாமே கரண்டைக் குடிக்கிற சமாச்சாரம். கம்பியில் வருகிற வழியிலேயே வீணாய்ப் போகிற மின்சாரத்தின் விலையையும் ஜனங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறகு கணவர் போய்ச் சேர்ந்தார். லாண்டரியை ஒரு பெண்ணுக்கு விற்றாள். மகன் வெளியூரில். எப்போது போன் செய்தாலும் மீட்டிங்கில் இருப்பான். அப்படி என்னதான் மீட்டிங்கோ. இப்போது அவள் வீட்டில் ஓடுவது ஒரு ஃபேன், ஒரு லைட், பேருக்கு ஒரு ஃப்ரிட்ஜ். கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அவளுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனாலும் போனாள். அங்கே ஒரு விதி இருந்தது. யார் ஆட்சேபணை சொன்னாலும், அது வெறும் உளறலே ஆனாலும், ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும். கம்பெனியின் கட்டண அதிகாரி ஒரு முசுடு. ஆனால் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அவள் மறுப்பாள். அவர் பெருமூச்சு விட்டு மறுபடி எழுந்திருப்பார். மதியம்வரை இந்த மல்லுக்கட்டு நடக்கும். நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்து, சாயந்திரம் பால் வாங்கப் போனால் தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது.

இந்த வருஷம் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரே கட்டணம். எரிபொருள் விலை ஏறினால் அது கம்பெனி பாடு. வழியில் வீணாகிற மின்சாரமும் இனிமேல் கம்பெனி கணக்கு. அவள் தொண்டை வற்றக் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்துவிட்டது. கூடவே, கட்டணம் மாறாததால் ஐந்து வருஷத்துக்குக் கூட்டமும் கிடையாது.

அன்று ராத்திரி அவள் தூங்கப் போகவில்லை. திட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாள். எரிபொருள் விலை விழுந்தால் அந்த லாபம் ஜனங்களுக்கு வராது என்று ஒரு ஓட்டை அகப்பட்டது. நொண்டிச் சாக்கு. விலை விழுந்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அது போதும். இந்த மாதிரிப் பல வருஷத் திட்டத்துக்கு ஆட்சேபணை ஒன்று வந்தால் அதை ஆராய்ந்து முடிக்கத் திட்டத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடுவார்கள். அதுவரை பழையபடி கட்டணம் ஏறும், அடுத்த வருஷமும் கூட்டம் நடக்கும். யார் வயிற்றில் அடிக்கிறோம் என்று நினைக்காமல் இல்லை. நினைத்தாள், பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

கூட்டத்தில் எழுந்து சொன்னாள். தலைவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார், பதிவு செய்கிற பெண் எழுதிக்கொண்டாள். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் வழக்கமாகக் கேட்டபோது, பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். லாண்டரியை வாங்கியவள்! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். கட்டணம் கட்டி மாளாமல் உலர்த்துகிற மெஷின் ஒன்றை விற்றுவிட்டதாகப் போன மாதம்தான் சொல்லியிருந்தாள்.

"இந்த ஏற்பாடு வந்தா கடைய மூடாம தப்பிச்சிடலாம்னு நெனச்சேன் சார். வேணும்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா அக்கா வேணாங்குறாங்க. எங்களுக்காக இத்தன வருஷமா பேசுறவங்க, விஷயம் இல்லாம சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். ஆட்சேபணை அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுபடி எழுந்தாள்.

"நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேங்க."

காரணம் சொல்ல வேண்டும், பதிவு செய்தாக வேண்டும் என்றார் தலைவர்.

"திட்டத்துல ஒரு குறையும் இல்ல. கூட்டம் நின்னு போச்சுன்னா எனக்குப் பேச ஆள் இல்லங்க. அதான் காரணம்."

பழக்கதோஷத்தில் கட்டண அதிகாரி பதில் சொல்ல எழுந்துவிட்டார். வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்தார். பதிவு செய்கிற பெண் தலைவரை ஏறிட்டுப் பார்த்தாள். தலைவர் நல்ல மனிதர். அந்த அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எழுதுகிற பெண் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"காரணம் எதுவும் சொல்லலேன்னு போட்டுக்கம்மா."

யாராவது பதில் சொல்வார்கள் என்று ஆட்சேபணை அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் முடிந்தது என்று தலைவர் அறிவித்தார்.