பதினேழாம் இலக்கச் சீனித்துளசி

ராகுலனை நான் நம்பினேன். இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷம் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவனை எடைபோடத் தெரியாத மடச்சியாக இருந்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வுகூடம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. சீனி வருத்தக்காரர் பயமில்லாமல் தேத்தண்ணி குடிக்கவென்று அங்கே சீனித்துளசியை இழைய வளர்ப்பில் வளர்க்கிறோம். தளிர்த் துண்டொன்றைப் போத்தலுக்குள் ஜெலியில் ஊன்றி, மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, இலையின் இனிப்பைக் கூட்டுவதுதான் வேலை. இனிப்புக் கூடினால் கைப்பும் சேர்ந்து கூடும். விழுங்கின பிறகும் நாக்கின் அடியில் போய்க் குந்திக்கொள்ளும். அந்தக் கைப்போடு மூன்று வருஷம் மல்லுக்கட்டினேன்.

கடைசியில் பதினேழாம் இலக்கத் தளிர் சரிவந்தது. இரண்டு மடங்கு இனிப்பு, கைப்பு மருந்துக்கும் இல்லை. மற்றச் செடிகளுக்குக் கணுவுக்கு இரண்டு இலை, இதற்கு மூன்று. பன்னிரண்டு போத்தல்தான் இருந்தது. இன்னும் ஒரு சோதனை முடிந்தால் அதை என் பெயரில் புதிய இனமாகப் பதியலாம் என்று எங்கள் பணிப்பாளர் மர்ஸூக் சேர் சொல்லியிருந்தார். என் பெயரில் இந்த உலகத்தில் வரவிருந்த ஒரே பொருள் அதுதான்.

அந்த நேரம் பார்த்து எனக்கு டெங்கு வந்தது. வெள்ளவத்தையில் வீட்டோடு கிடந்த எட்டாம் நாள், ராகுலன் இரண்டு செவ்விளநீரோடு வந்தான். வந்து இருந்ததும் விம்மத் தொடங்கினான்.

“நிருஷாக்கா, பதினேழு முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது. நான்தான் இடுக்கியைக் கிருமி சாகச் சுடாமல் தளிர் மாத்தினனான். எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டிட்டன்.”

பூஞ்சணம் பிடித்த போத்தலைத் திறக்காமலே நீராவியில் அவித்து எறிய வேண்டும் என்பது எங்கள் சட்டம். திறந்தால் அறை முழுக்கப் பரவிவிடும். அதனால் அவன் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

“சேர் அறிஞ்சால் என்னை நிப்பாட்டிப் போடுவார். நிரந்தரமாக்க இன்னும் ரெண்டு மாசம்தான் கிடக்கு, அக்கா.”

போனது என் உழைப்பு. ஆறுதல் சொன்னதும் நான்தான். அதோடு விட்டேனா? லீவுக்கு முதல்நாளே பூஞ்சணத்தைக் கண்டேன், இடுக்கியைச் சுடாதது என் பிழை, என் கண்முன்னேதான் எல்லாம் அழிக்கப்பட்டது என்று படுக்கையில் இருந்தபடியே சேருக்குக் கடிதம் எழுதி அவனிடம் கொடுத்தேன். பழைய ஆள் என்பதால் சேர் என்னை ஒரு எச்சரிக்கையோடு விடுவார் என்று தெரியும். விட்டார்.

ராகுலனும் நிரந்தரமானான். அடுத்த மாதமே வத்தளையில் ஒரு குளிர்பானக் கம்பனிக்குப் போனான். நான் கேக் வெட்டி வழியனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து, போன கிழமை ஒரு கண்காட்சிக்குப் போனேன். அந்தக் கம்பனியின் மேசையில் ஒரு சீனித்துளசிச் செடி இருந்தது. கணுவுக்கு மூன்று இலை. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். இனித்தது. கைப்புக்காகக் காத்திருந்தேன், வரவேயில்லை. நான் பெற்ற பிள்ளையை வேறொருத்தியின் இடுப்பில் கண்டதுபோல வயிறு எரிந்தது. உருவாக்கியவர் ராகுலன் என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அவனும் அங்கேதான் நின்றான்.

“உது பதினேழுதானே?”

“பதினேழு செத்துப்போச்செண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள், அக்கா?”

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அப்போதும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அந்த வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

நேரே மர்ஸூக் சேரிடம் போய் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என் கடிதத்தைத் தேடி எடுத்தார்.

“பூஞ்சணத்தக் கண்ணால கண்டீங்களா?”

“இல்லை, சேர்.”

“அழிச்சத?”

“அதையும் காணேல்லை. அவன்ரை வேலை போயிடுமெண்டுதான் எழுதினனான்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழும்பி அலுமாரியைத் திறந்தார். ஒவ்வொரு தளிரின் அளவையும் இனிப்பையும் நாலு வருஷமாக நான் எழுதி வைத்த கொப்பிகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார்.

“இதுல எதெல்லாம் பாத்து எழுதினது, நிருஷா?”

“எல்லாம், சேர்.”

அவர் மேலே கிடந்த கொப்பியைத் திறந்தார். என்னை நிமிர்ந்து பாராமல், தான் சொல்லும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.