நாற்பது நிமிட வெளிச்சம்

ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த வெளிச்சத்துக்கு நான் சொன்ன விலை முப்பது நிமிடம். கேட்டது நாற்பது.

எங்கள் தொலைநோக்கி வானத்தைத் துண்டு துண்டாகப் படம்பிடித்துக்கொண்டே போகும். மூன்று இரவுக்கு ஒரு சுற்று. அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்க வேண்டுமென்றால் என்னிடம் நிமிடம் வாங்க வேண்டும். நேரம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. துணிக்கடையில் வளர்ந்தவன் நான். அறுபது தேவைப்படுகிறவர் தொண்ணூறு கேட்பார், நான் நாற்பது என்பேன், ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டு அறுபதில் முடிப்போம். பத்து வருடமாக ஒரு பஞ்சாயத்தும் இல்லை.

அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்தவர் சிவப்பக்கா. நிறத்தை வைத்து வந்த பெயரல்ல. கேமராவுக்கு முன்னால் மாட்டும் ஐந்து வடிகட்டிகளில் கடைசிச் சிவப்பையே எப்போதும் கேட்பார். கையில் ஐந்து படங்கள். நான்கில் அந்த இடம் வெறும் கருப்பு. ஐந்தாவதில் எள்ளைவிடச் சின்னதாய் ஒரு புள்ளி.

"இது குவேசாரா இருக்கும் தம்பி. கருந்துளை ஒண்ணு சுத்தியிருக்கிற வாயுவை முழுங்குறப்போ வர்ற வெளிச்சம். வர்ற வழியில அதோட அலை இழுபட்டு இழுபட்டு, கடைசிச் சிவப்புல மட்டும்தான் தெரியுது. மத்த நாலுல இல்லைங்கிறதுதான் அதுக்கு அடையாளம்."

"சரக்கு இல்லாததைக் காட்டி விக்கிறவங்களை இப்பத்தான்க்கா பாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவு மங்கலா இருந்தா கேமரா அழுக்குன்னு தள்ளிடுவாங்க. தெளிவா ஒரு படம் இருந்தாத்தான் பெரிய தொலைநோக்கில சோதிக்க இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமையோட விண்ணப்பம் முடியுது. மாசக் கடைசியோட என் வேலையும் முடியுது. நாற்பது நிமிஷம் வேணும்."

"முப்பது."

எழுந்து போவதுபோல் ஒரு பாவனையாவது செய்திருக்கலாம். "சரி" என்று படங்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் பேரத்தைத் தொடங்கினேன். அவர் அதை உத்தரவு என்று நினைத்துவிட்டார்.

திங்கள் இரவு முப்பது நிமிடம் எடுத்தாயிற்று. செவ்வாய்க் காலை, தொலைநோக்கியை இயக்குகிறவன் கொட்டாவியோடு என் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மொதலாளி, அக்காவுக்குமா கத்திரி போட்டீங்க?"

"எல்லாருக்கும் ஒரே கத்திரிதான்யா."

"அவங்க கூட்டிக் கேக்குற ஆளா? போன வருஷம் எட்டு நிமிஷம் மிச்சம்னு திருப்பிக் குடுத்தாங்களே!"

நினைவிருந்தது. பிழைக்கத் தெரியாதவர் என்று அப்போது நான் சிரித்ததும் நினைவிருந்தது. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"வரலையாக்கா?"

"வந்துச்சு. படத்துல தானா வர்ற இரைச்சலைவிட அஞ்சு மடங்கு தூக்கலா இருந்தாத்தான் நம்புவாங்க. நாலரைதான் வந்திருக்கு."

"நாற்பது இல்லாம ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"நாற்பதுன்னு சொன்னேனே தம்பி."

என் அறைக்கு வந்து நேரப் பட்டியலைப் புரட்டினேன்.

அந்த வாரத்து இரவுகளெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் எந்தக் கடையிலும் துண்டுத் துணி விழும். ஒருவர் வேலை சீக்கிரம் முடியும், அடுத்தவர் கேட்ட இடம் இன்னும் மேலே ஏறியிருக்காது. நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் தொலைநோக்கி சும்மா நிற்கும். தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். ஒட்டுப்போட்டது என்று வானம் இளக்காரம் பேசாது.

"சும்மா நிக்கிறப்போ அக்கா புள்ளிய எட்டிப் பாத்துட்டு வாய்யா" என்று இயக்குகிறவனிடம் சொன்னேன்.

"துண்டுத் துணியில சட்டை தைக்கச் சொல்றீங்க."

"கை மட்டும்தான்யா குறையுது."

செவ்வாய் இரவு நான்கு நிமிடம் தேறியது. புதன் மேகம், கெஞ்சிக் கூத்தாடி இரண்டு. வியாழன் மூன்று.

வெள்ளிக் காலை அக்கா எல்லாவற்றையும் கூட்டினார். நானும் இயக்குகிறவனும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். நான்கு கட்டங்களில் கருப்பு. ஐந்தாவதில் புள்ளி, தனியாக, அசையாமல். கீழே எண் வந்தது: ஐந்து புள்ளி ஒன்று.

"தாண்டிடுச்சு" என்றார் அக்கா. அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

விண்ணப்பத்தில் 'மொத்தப் பதிவு நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"நாற்பதுன்னே போட்டுடுங்கக்கா. யாரு எண்ணப் போறா?"

அவர் முப்பத்தொன்பது என்று அடித்து அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வானத்தின் அந்தப் பக்கத்துக்குச் சூரியன் வந்து உட்கார்ந்துவிடும். நகர நாலு மாதம் ஆகும். நான் மேசைக்குத் திரும்பி நேரப் பதிவேட்டைத் திறந்தேன். கேட்டது நாற்பது. கொடுத்தது முப்பது, அப்புறம் நான்கு, இரண்டு, மூன்று. அந்தப் பக்கத்தை முடித்துக் கையெழுத்துப் போடவில்லை. அக்காவுக்கு ஒரு நிமிடம் பாக்கி.